மரணபரியந்தம் உண்மையாயிருன்னா நோயே வராதுன்னு அர்த்தமா?

வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்ட் சுத்திட்டு இருக்கு, பைபிளோட கடைசி புத்தகமான வெளிப்படுத்தல்ல வர்ற 2:10 வசனத்தோட கடைசி வரிய மட்டும் போட்டு "கடைசி வரை உண்மையா இருந்தா நோயும் கஷ்டமும் கிட்டயே வராது, வந்தா உன் விசுவாசத்துல குறை"ன்னு எழுதியிருக்காங்க. இது தப்புங்க.

அதே வசனத்த முதல்லருந்து படிங்க. "நீ படப்போகிற பாடுகளைக்குறித்து எவ்வளவும் பயப்படாதே"ன்னு தான் ஆரம்பிக்குது, பிசாசு உங்கள்ல சிலர காவல்ல போடுவான், பத்து நாள் உபத்திரவப்படுவீங்கன்னு சொல்லிட்டு அப்புறம் தான் "ஆகிலும் நீ மரணபரியந்தம் உண்மையாயிரு, அப்பொழுது ஜீவகிரீடத்தை உனக்குத் தருவேன்"ன்னு வருது. அந்த "ஆகிலும்"ங்கற ஒரு வார்த்தைய வெட்டிட்டா அர்த்தமே தலைகீழா போயிடுது பாருங்க.

இது சிமிர்னா சபைக்கு எழுதினது, இப்ப துருக்கியில இருக்கற இஸ்மிர் தான் அது. அதே ஊர் பிஷப் பாலிகார்ப், ரெண்டாம் நூற்றாண்டுல, கிறிஸ்துவ மறுதலிச்சா விட்டுடறோம்னு சொன்னப்ப 86 வருஷமா அவருக்கு ஊழியம் செஞ்சேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யலயேன்னு சொல்லிட்டு உயிரையே கொடுத்தார். அவர் விசுவாசத்துலயா குறை?

ஜீவகிரீடம்னு இருக்கே, மூல கிரேக்கத்துல அது ஸ்டெஃபானோஸ், ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சவங்க தலையில வைக்கற இலை மாலைக்கும் அந்த வார்த்தை தான், ஓடி முடிச்சவங்களுக்குத் தான் அது கிடைக்கும்.

நடுவுல விழுந்தா அவ்வளவுதானான்னும் பயப்படாதீங்க, இயேசுவோட சீடர் பேதுரு, அவரையே தெரியாதுன்னு மூணு தடவ மறுதலிச்சவர், அவர்கிட்ட தான் இயேசு "என் ஆடுகளை மேய்ப்பாயாக"ன்னு சொன்னார்.

படுக்கையில இருக்கற ஒருத்தருக்கு தயவுசெஞ்சு அந்த ஃபார்வர்ட அனுப்பாதீங்க, முழு வசனத்தையும் அனுப்புங்க.