கையொப்பத்தைப் பார்க்கும் முன் படத்தைத் திருப்புங்கள்

பழைய ராக் இசைக்குழுக்களின் கையொப்பமிட்ட புகைப்படங்களைச் சேர்க்கிறவர்கள் நம் குமரி மாவட்டத்திலும் உண்டு. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: கையொப்பம் அசல்தான் என்று சொல்லும் சான்றிதழை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். இருட்டறையில் கை நனைத்த பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் முதலில் படத்தைக் காட்டுங்கள்.

போன ஆண்டு இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுப் படம் ஒன்றை 28,000 ரூபாய்க்கு வாங்கினேன். கறுப்பு வெள்ளை. கோட் அணிந்த நால்வர், நான்கு கையொப்பங்கள். 1968இல் ரிஷிகேஷில் வைத்து வாங்கியது என்றார் விற்றவர். தங்க நிற முத்திரையோடு சான்றிதழும் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர்கள் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்கு வந்தது உண்மை என்பதால் கதை எனக்கு இனித்தது. நால்வரில் ஒருவரான ரிங்கோ ஸ்டார் சுமார் பத்து நாளிலேயே ஊர் திரும்பிவிட்டார், நால்வரும் அங்கே சேர்ந்திருந்தது அவ்வளவு குறுகிய காலம்தான் என்பதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

படத்துக்குச் சட்டம் போடுவதற்காக நாகர்கோவில் வடசேரியில் ஒரு பழைய ஸ்டூடியோவுக்குக் கொண்டு போனேன். ஸ்டூடியோ அண்ணாச்சி கையொப்பங்களைப் பார்க்கவே இல்லை. படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். என்னிடம் கேட்டுக்கொண்டு, விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு மூலையில் ஒரு பொட்டு வைத்தார். சேம்பிலையில் நிற்பதுபோல் அது உருண்டு நின்றது.

“இது ஆர்.சி. பேப்பர், மக்களே. அந்தக் காலத்துத் தாள் என்றால் தண்ணீரைக் குடித்திருக்கும்.”

மேசை இழுப்பறையிலிருந்து, ஒதுக்கிப் போட்டிருந்த, அந்தக் காலத்துத் தாளில் அச்சிட்ட பழைய புரோமைடு பிரிண்ட் ஒன்றை எடுத்தார். ஓரம் லேசாகச் சுருண்டிருந்தது. அதன் முதுகிலும் ஒரு பொட்டு வைத்தார். கொஞ்ச நேரத்தில் கறைபோல ஊறிப் பரவியது.

இருபுறமும் பிளாஸ்டிக் பூசிய ஆர்.சி. தாள் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பரவலாக வந்தது 1970களில்தான். பீட்டில்ஸ் 1970இல் பிரிந்துவிட்டது. நால்வரில் ஒருவரான ஜான் லெனன் 1980 டிசம்பர் 8 அன்று கொல்லப்பட்டார்; அதன் பிறகு நால்வர் கையொப்பத்துக்கு வழியே இல்லை. விற்றவர் சொன்ன 1968 கதை அந்த ஒரு பொட்டுத் தண்ணீரில் கரைந்தது.

தாள் பழையது என்பதாலேயே கையொப்பம் உண்மையாகிவிடாது என்பதும் சரிதான். பீட்டில்ஸுடன் பயணம் செய்த உதவியாளர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் அவர்களுக்காக எத்தனையோ முறை கையொப்பம் இட்டிருக்கிறார்கள். கையொப்பத்தைச் சேர்த்தே அச்சடித்த ரசிகர் படங்களும் உண்டு. அவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். உதவியாளர் இட்ட கையொப்பத்தை நான் வெறுக்கவில்லை. ரசிகர் கூட்டம் வெளியே நெருக்கியடிக்க, உள்ளே ஒரு மனிதர் நான்கு பேருக்காகவும் எழுதித் தள்ளினாரே, அதுவும் அந்தக் காலத்தின் தடயம்தான். உண்மையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்கட்டும். நான் வாங்கிக்கொள்வேன்.

இன்னொன்று. நல்ல படம் கிடைத்தால் சுவரில் மாட்டாதீர்கள். வெயில் மையைத் தின்றுவிடும். நம் ஊர்க் கடற்காற்றிலும் ஆனி ஆடிச் சாரலிலும் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும். மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும்.

அண்ணாச்சி இப்போது பாஸ்போர்ட் அளவுப் படங்கள் எடுக்கிறார். இருட்டறையில் உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன. ஒரு தாளைத் தொட்டதும் அதன் காலத்தைச் சொல்லும் விரல்கள் நம் பக்கத்திலேயே இருக்க, முகம் தெரியாத யாரோ அச்சடித்த சான்றிதழுக்கு நான் காசு கொடுத்தேனே என்பது இன்னும் ஆறவில்லை.

அவர் தண்ணீர் வைத்துக் காட்டிய அந்தப் புரோமைடு பிரிண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். ஏமாந்த படத்தையும் அதனுடன் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் யாராவது படம் வாங்கப் போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், இரண்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். தடவிப் பார்த்துவிட்டுப் பிறகு விலை பேசுங்கள்.