காலிக் கட்டமும் பூச்சியமும் ஒன்றல்ல

கோத்தகிரிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மூன்றாண்டுகள் கணினிப் பதிவாளராக இருந்தேன். துணை சுகாதார நிலையங்களிலிருந்து வரும் மாதாந்திர அறிக்கைகளை, நாடு முழுவதற்குமாக 2008-இல் தொடங்கப்பட்ட எச்.எம்.ஐ.எஸ். என்ற சுகாதாரத் தகவல் தளத்தில் ஏற்றுவது என் வேலை. அந்த வேலையில் நான் செய்த ஒரு தவறு இன்றும் மனத்தை அறுப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அது அடைமழைக் காலம். கிராம சுகாதார செவிலியர் ஒருவர் கொண்டுவந்த படிவத்தில், ஈரத்தில் மை ஊறியிருந்த வரிகளுக்கு நடுவே, குழந்தை இறப்புக்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மண் சரிந்து பாதை அடைபட்டதால் இரண்டு பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அம்மாதம் அவரால் போகவே முடியவில்லை. அங்கே என்ன நடந்தது என்று தெரியாததால் அவர் எதையும் எழுதவில்லை. என்ன செய்வது என்று கேட்டேன். "காலியா விட்டா மேலேருந்து போன் வரும் தம்பி, பூஜ்யம் போட்டுடு" என்றார். போட்டுவிட்டேன். 'போய்ப் பார்க்கவில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த கட்டம் அந்த நொடியிலிருந்து 'எந்தக் குழந்தையும் இறக்கவில்லை' என்று சொல்லத் தொடங்கியது. பாதை திறந்த பிறகுதான் அந்தக் குடியிருப்புகளில் ஒன்றில் பிறந்து சில நாட்களே ஆன குழந்தை அதே மாதத்தில் இறந்திருந்தது தெரியவந்தது.

ஒரு குழந்தைதானே என்று நினைப்பவர்களுக்குக் கணக்கைச் சொல்கிறேன். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்றால், மலைப் பகுதிக்கும் பழங்குடிப் பகுதிக்கும் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. அவ்வளவு பேருக்குள் ஆண்டுக்கு நாற்பது பிறப்புகள் என்று வைத்துக்கொண்டால், ஓர் இறப்பு என்பது ஆயிரத்துக்கு 25 என்ற விகிதம். அதைத் தவறவிட்டால் விகிதம் பூச்சியம். அந்தப் பூச்சியம் மாவட்டக் கூட்டத்தில் பாராட்டு வாங்கித் தரும், அடுத்த ஆண்டு ஆம்புலன்ஸ் கேட்டால் எதிராகவும் நிற்கும்.

கோளாறு படிவத்தில் மட்டும் இல்லை. தடுப்பூசி விகிதத்தைக் கணக்கிட எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். நீலகிரியின் மக்கள்தொகை 2001-இல் 7,62,141, 2011-இல் 7,35,394. பத்தாண்டுகளில் குறைந்த மாவட்டம் இது. 2021-இல் வந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. இதற்கிடையே ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் நிறைந்துவிட்டன. பழைய மக்கள்தொகைப்படி போட்ட இலக்கை, அதாவது இருக்க வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கையை வைத்து வகுத்தால் ஓரிடத்தில் நூற்றுக்கு மேல் விகிதம் வருகிறது, மற்றோரிடத்தில் ஊர் காலியான பிறகும் இலக்கு அப்படியே நிற்கிறது. குறைந்த விகிதத்துக்கு மெமோ வாங்குபவர் அந்தச் செவிலியர்தான்.

ரத்தசோகைக் கணக்கைப் பற்றி எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஆனால் உயரமான இடங்களில் வாழ்பவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்று கூடியிருக்கும் என்பதால், அந்த உயரத்துக்கு ஏற்ப அளந்த எண்ணிலிருந்து சற்றுக் கழித்துப் பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு அப்படித்தான் பார்த்தது. மாதாந்திர அறிக்கை பார்ப்பதில்லை. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் 11.2 காட்டும் பெண் உண்மையில் ரத்தசோகை உள்ளவர். நம் பதிவேட்டில் அவர் நலமாக இருக்கிறார். பரம்பரையாக வரும் ரத்த நோயான அரிவாள் செல் நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவானது 1952-இல், இதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அந்த நோயால் வரும் சோகையும் இரும்புச்சத்துக் குறைவும் 11-க்குக் கீழே என்ற ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாக விழுகின்றன. பதிவேட்டில் அடுத்தடுத்த வரிகளில் 11.0, 11.0, 11.0 என்று, அளந்து எழுதியதாகத் தோன்றாத எண்களைப் பார்த்திருக்கிறேன். அதை எழுதிய கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பகலெல்லாம் தேயிலைக் காட்டு மேட்டில் ஏறி இறங்கிவிட்டு, சிக்னல் கிடைக்கும் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி, நோட்டில் எழுதியதையே மறுபடியும் போனில் ஏற்றிக்கொண்டிருந்த கை அது.

கூடலூர், பந்தலூர் பக்கம் வேறு சிக்கல். பிரசவத்துக்குக் கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்கோ கோழிக்கோட்டுக்கோ போகிறார்கள். பிறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் அதைப் பதிய வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டம். கர்ப்பம் இங்கே தமிழகம் கர்ப்பிணிகளுக்குத் தரும் பிக்மி பதிவு எண்ணில், பிறப்பு அங்கே கேரளத்தின் ஏட்டில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவர் இருக்கிறார் என்றால், அது அந்தத் தாயின் வீட்டுக்கு நடந்துபோகும் செவிலியர் மட்டும்தான்.

மூன்றாண்டுகளில் நான் மேலே அனுப்பிய எண்களில் எதுவும் விளக்கத்தோடு கீழே திரும்பி வந்ததில்லை. விளக்கம் கேட்டுத்தான் வந்தது. தான் எழுதிய எண்ணை வைத்து அடுத்த மாதம் எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்று செவிலியரே தீர்மானிக்க முடிந்தால், அவர் 11.0 என்று எழுதமாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன். அதற்குப் புதிய செயலி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்தின் ஓராண்டு எண்களை ஒரே தாளில் அச்சிட்டு, மாதக் கூட்டத்தில் அவரிடமே கொடுத்து அரை மணி நேரம் பேசினால் போதும். கூடவே படிவத்தில் இன்னொரு கட்டமும் வேண்டும். அந்தச் செவிலியர் தன் நோட்டின் ஓரத்தில் அந்த மாதமே எழுதி வைத்திருந்தார்: "இரண்டு ஊருக்குப் போகவில்லை, பாதை இல்லை." அதை ஏற்ற என்னிடம் இடம் இருக்கவில்லை.