வீணைக்கு மரப் பிரடைக்கு பதிலா கிட்டார் கீ போட்டா என்ன குறைஞ்சு போச்சு?

வீணைக் கச்சேரில பாட்டுக்குப் பாட்டு பிரடைய, அதாவது கம்பிய முறுக்கி சுருதி சேக்கற கட்டைய, திருகிட்டே இருக்காங்கன்னு சலிச்சுக்கறவங்க, "வீட்லயே சுருதி சேத்துட்டு வரக்கூடாதா"ன்னு பின் சீட்ல முணுமுணுக்கறவங்க எல்லாரும் ஒரு தடவை வீணைய மடில வெச்சுப் பாருங்கப்பா. வீட்ல சேத்துட்டுதான் வர்றாங்க. வெளிய சென்னை புழுக்கம், உள்ள சபா ஏசி, கம்பி குளிர்ந்தா சுருதி ஏறும், மரப் பிரடை காய்ஞ்சு நழுவுனா ஒரேயடியா இறங்கும், இதுல மேல லைட்டு சூடு வேற. வாசிக்க நாலு கம்பி, தாளத்துக்கு மூணு, கீழ் ஸ்தாயிக் கம்பியான மந்தரத்த கொஞ்சம் ஏத்துனா முதல் கம்பியான சாரணி லேசா இறங்கும், ஏன்னா மொத்த இழுப்பையும் தாங்குறது ஒரே தண்டி, அதாவது வீணையோட நீளமான கழுத்து.

பிரடைங்கறது ஓட்டைக்குள்ள சொருகின மரக்கட்டை, அவ்வளவுதான். உள்ள அழுத்திட்டே திருகணும், இல்லன்னா பின்னாடி சுத்திக்கும். மழைக்காலத்துல ஊறிப்போய் அசையவே அசையாது, பல்லக் கடிச்சுட்டு ஒரு திருகு திருகுனா டக்குனு அரை சுரம் தாண்டிப் போய் நிக்கும், சாரணியா இருந்தா அறுந்தே போயிடும். அதான் கம்பியோட அடி முனையில சுருதிய நுணுக்கமா திருத்தற லங்கர் இருக்கேம்பாங்க. இருக்கு, நூலளவு திருத்தத்துக்கு. பிரடையே நழுவுனா லங்கர் என்ன பண்ணும்?

கிட்டார் கீ போட்ட வீணை இப்ப நிறைய வருது. பல்சக்கரம் இருக்கறதால கொஞ்சம் கொஞ்சமா ஏறும், ஏத்துன இடத்துல நிக்கும். உடனே பாரம்பரியம் போச்சுன்னு கிளம்பிடறாங்க. கம்பிய அழுத்தி சுரம் எடுக்கற 24 மெட்டையும் நிரந்தரமா பதிச்சதே 17ஆம் நூற்றாண்டுல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் காலத்துலதான்னு நீங்கதானே சொல்றீங்க, அப்ப அதுவும் புதுசுதானே? வயலின்ல ஃபைன் ட்யூனர் இருக்கு, அத யாரும் கேக்கல. பாக்க அழகா இல்லங்கறீங்களா, அத மட்டும் ஒத்துக்கறேன்.

கீ வந்தா எல்லாம் சரியாயிடும்னும் இல்ல, மெட்டு மெழுகுலதான் உக்காந்திருக்கு. மே மாச வெயில்ல கார்ல வெச்சுட்டு சாப்பிடப் போனீங்கன்னா மெழுகு இளகி மெட்டு சாயும், அப்புறம் திரும்ப மேளம் கட்டணும், அதாவது மெட்டு ஒவ்வொண்ணையும் சுரத்துக்குச் சரியா மெழுகுல பதிக்கணும், அதுக்கு நல்ல ஆள் கிடைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். ஃபோன் ஆப்ப நம்பி நீங்களே மேளம் கட்டலாம்னும் இறங்காதீங்க. ஆப் காட்டுறது எல்லா சுரத்தையும் சம இடைவெளில வெக்கற கீபோர்டு கணக்கு, அதுல பச்சை லைட்டு எரியற அந்தர காந்தாரம்ங்கற 'க' சுரம் தம்புரால தானா கேக்கற காந்தாரத்த விட 14 சென்ட் (அரை சுரத்துல நூத்துல ஒரு பங்குதான் ஒரு சென்ட்) கிட்ட மேல நிக்கும், காது கூசும்.

சபாக்காரங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கூட்டம் வந்தப்புறம் ஏசி போடறத விட்டுட்டு, அரை மணி முன்னாடியே போட்டு, லைட்டும் போட்டு மேடைய வீணைக்காரங்ககிட்ட விடுங்க. கரெண்ட் பில்லு ஏறும்தான், ஏறட்டும்.