மயில்மீனும் வங்கிச் செயலியும்

"செயில்ஃபிஷ் இன்னும் உயிரோடு இருக்கா?" வருடத்துக்கு இரண்டு பேராவது இன்பாக்ஸில் கேட்டுவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டும் ஐபோனும் அல்லாத அந்தச் சின்ன இயங்குதளம் ஓடும் போனை நான் தூக்கிக்கொண்டு அலைவது தெரிந்தவர்கள். "இருக்கு" என்றால் "எத்தனை நாளைக்கு?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம், வருத்தமில்லை.

2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைமை நிர்வாகி ஸ்டீபன் ஈலாப், நாம் நடுக்கடலில் எரியும் மேடையில் நிற்கிறோம் என்று ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அடுத்த சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்டுடன் கைகோத்து, இனி விண்டோஸ் போன்தான் என்று அறிவித்தார். அப்போது நோக்கியாவுக்குள்ளேயே மீகோ என்ற லினக்ஸ் இயங்குதளம் தயாராகிக்கொண்டிருந்தது. அதை வைத்து அதே வருடம் என்9 வந்தது. பிறக்கும்போதே வாரிசு கிடையாது என்று எழுதிவைக்கப்பட்ட போன். அதில் வேலை செய்த சிலர் வெளியேறி யோலா என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். ஃபின்னிஷ் மொழியில் யோலா என்றால் சிறு படகு. எரியும் மேடையிலிருந்து குதித்தவர்கள் வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவர்கள் செய்த தளத்தின் பெயர் செயில்ஃபிஷ், தமிழில் மயில்மீன். 2013 நவம்பரில் முதல் போன் விற்பனைக்கு வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நோக்கியாவின் போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் 700 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2015-இல் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. விண்டோஸ் போன் இன்று இல்லை. வெப்ஓஎஸ் என்ற தளத்துக்காக பாம் கம்பெனியையே வாங்கிய ஹெச்பி, தன் டச்பேட் டேப்லெட்டை 49 நாளில் கைவிட்டது. ஃபயர்பாக்ஸ் ஓஎஸ், பிளாக்பெர்ரி 10, எல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று. கப்பல்கள் மூழ்கின, படகு மட்டும் மிதக்கிறது. இதில் வீரம் ஒன்றும் இல்லை. பெரிய கம்பெனிக்கு போன் பல தொழில்களில் ஒன்று, கணக்கு உதைத்தால் கடையைச் சாத்திவிடலாம். இவர்களுக்கு வேறு கடை கிடையாது.

சும்மாவும் மிதக்கவில்லை. 2014-இல் டேப்லெட் செய்யப்போகிறோம் என்று இண்டிகோகோவில் கூட்டுநிதி கேட்டார்கள், கேட்டதைப் போலப் பல மடங்கு குவிந்தது. மறு வருடமே கையில் காசில்லாமல் ஊழியர்களில் பாதிப் பேரை அனுப்பும் நிலை. டேப்லெட் கொஞ்சம் பேருக்குத்தான் போய்ச் சேர்ந்தது. பணம் முழுதாகத் திரும்பாதவர்கள் இன்றும் அந்தப் பெயரைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயம் உண்டு. பிறகு ரஷ்யர்கள் உரிமம் வாங்கி, அங்கே அது அரோரா என்று பெயர் மாறியது. ரஷ்யப் பணம் முதலில் மூச்சு கொடுத்தது, உக்ரைன் போருக்குப் பிறகு அதுவே கழுத்துச் சுருக்கு. 2023-இல் பழைய கம்பெனி நீதிமன்றம் வரை போய், தொழிலை முன்னாள் நிர்வாகிகளே புதிய நிறுவனம் வைத்து வாங்கிக்கொண்டார்கள்.

இவ்வளவு நடந்தும் ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் வாயால் விளக்குவதில்லை, போனைக் கையில் கொடுத்துவிடுவேன். முகப்பில் பட்டன் என்று எதுவும் இல்லை. ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் செயலி ஒதுங்கி, ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் சின்னச் சின்ன அட்டைகளாக முன்னால் வந்து நிற்கும். பாதி இழுத்து எட்டிப் பார்த்துவிட்டு, விரலைப் பின்வாங்கினால் விட்ட இடத்துக்கே திரும்பலாம். பக்கத்தைக் கீழே இழுத்தால் மெனு இறங்கும், எந்த வரியில் விரலை எடுக்கிறோமோ அது தேர்வாகும். பழகிய கை திரையைப் பார்க்காமலே செய்துவிடும். ஐபோன் முகப்புப் பட்டனை விட்டு ஸ்வைப்புக்கு வந்தது 2017-இல்தான். சரி, பெருமை போதும்.

செயலிகள் இல்லாமல் ஒரு தளம் நிற்காது என்று முதல் நாளிலிருந்தே யோலாவுக்குத் தெரியும். எனவே ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடும்படி ஒரு பாலம் கட்டினார்கள். அதுதான் காப்பாற்றியது, அதுதான் வளரவும் விடவில்லை. ஆண்ட்ராய்டுக்கு எழுதியதே இங்கும் ஓடுமென்றால் செயில்ஃபிஷ்ஷுக்கென்று தனியாக யார் எழுதுவார்கள்? தொண்ணூறுகளில் ஐபிஎம்மின் ஓஎஸ்/2 என்ற கணினி இயங்குதளம் இதே குழியில்தான் விழுந்தது. விண்டோஸ் மென்பொருள்களை அது நன்றாகவே ஓட்டியது, அதனால் எல்லோரும் விண்டோஸுக்கே எழுதினார்கள். பாலம் கட்டாத விண்டோஸ் போனோ செயலிப் பஞ்சத்தில் செத்தது. கட்டினாலும் ஆபத்து, கட்டாவிட்டாலும் ஆபத்து.

இப்போது அந்தப் பாலத்துக்கும் ஒரு காவலாளி வந்துவிட்டார். பிளே இன்டெக்ரிட்டி என்று கூகுள் ஒரு சோதனை வைத்திருக்கிறது. இந்தக் கருவி கூகுள் சான்றளித்ததுதானா என்று செயலிகள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். என் வங்கியின் செயலி முன்பெல்லாம் நன்றாகவே ஓடியது. ஒரு நாள் அப்டேட் ஆனது, திறந்தால் "உங்கள் கருவி பாதுகாப்பற்றது" என்று சொல்லிச் சாத்திக்கொண்டது. வாடிக்கையாளர் சேவையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல போன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்களேன்" என்றார். அவர்மேல் கோபமில்லை. ஆனால் வருடக்கணக்கில் பாதுகாப்பு அப்டேட்டே காணாத பழைய ஆண்ட்ராய்டு, சான்று இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் பல செயலிகளுக்குள் நுழைந்துவிடும். ஒழுங்காக அப்டேட் வாங்கும் என் போன் வாசலில் நிற்கும். இதைப் பாதுகாப்பு என்றா சொல்வது?

செயலி வேண்டாம், வங்கியின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாமே என்றால், செயில்ஃபிஷ்ஷின் பிரவுசர் ஃபயர்பாக்ஸ் எஞ்சினின் பழைய பதிப்பில் ஓடுகிறது. சில தளங்கள் அதில் பாதிதான் விரியும். இது கூகுள் செய்த வினையல்ல, யோலாவில் கை குறைவு.

ஆகவே, எத்தனை நாளைக்கு என்று கேட்டால் என் கணிப்பு இது: யோலா அடுத்து என்ன வசதி கொண்டுவருகிறது என்பதை வைத்து இந்தத் தளத்தின் ஆயுளைச் சொல்ல முடியாது. வங்கிகளும் அரசு அலுவலகங்களும் கூகுள், ஆப்பிள் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களின் சான்று இல்லாதவனையும் உள்ளே விடுமா என்பதைப் பொறுத்தது அது. சொந்தத் தொழில்நுட்பம் வேண்டும் என்று ஐரோப்பாவில் இப்போது நிறையப் பேசுகிறார்கள். பேச்சு சட்டமானால் படகுக்கு ஒரு துறை கிடைக்கும். ஆகாவிட்டால் என்னைப் போன்ற பைத்தியங்களின் இரண்டாவது போனாகவே இருந்துவிட்டுப் போகும்.

யோலா தன் கையால் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு, அதைத்தான் இத்தனை வருடமாகச் செய்யவில்லை. அடித்தளம் திறந்த மூலம்தான், அதாவது அதன் நிரலை யாரும் எடுத்து மாற்றித் தொடரலாம். ஆனால் நான் மேலே புகழ்ந்தேனே, விரலால் இழுக்கும் அந்த இடைமுகம், சிலிகா என்று பெயர், அது இன்னும் முழுதாகத் திறக்கப்படவில்லை. 2017-இல் உபுண்டு டச் என்ற போன் தளத்தை, அதைச் செய்த கனானிக்கல் நிறுவனம் கைவிட்டபோது யூபிபோர்ட்ஸ் என்ற ஆர்வலர் குழு எடுத்துத் தொடர முடிந்தது, காரணம் எல்லாமே திறந்திருந்தது. நாளை யோலா போனால் நாங்கள் எதை எடுத்துத் தொடர்வது?

2025 டிசம்பரில் மறுபடி ஒரு போன் அறிவித்தார்கள். 2,000 பேர் முன்பணம் கட்டினால்தான் செய்வோம் என்று நிபந்தனை. டேப்லெட் கதை எல்லாம் ஞாபகம் இருந்தும் 99 யூரோ கட்டினேன். கார்டு எண்ணைப் போட்டதும், செயலியில் ஒப்புதல் கொடுங்கள் என்றது வங்கி. எழுந்துபோய் டிராயரிலிருந்து ஆண்ட்ராய்டு போனை எடுத்து சார்ஜில் போட்டேன்.