ஐசக் வால்டன் லீக்கை வால்டன் தொடங்கவில்லை

‘டிரௌட் மீன் தூண்டிலுக்குப் பேர்போன ஐசக் வால்டன், இங்கிலாந்தில் தானே நிறுவிய சங்கம்தான் ஐசக் வால்டன் லீக்’ என்றொரு செய்தி சுற்றுகிறது. தவறு. தூண்டில் மீன்பிடிப்பு பற்றி நூல் எழுதிய ஆங்கிலேயரான வால்டன் 1683-லேயே காலமாகிவிட்டார். அவர் நினைவாகப் பெயர் சூட்டி, 1922-ல் அமெரிக்காவின் சிகாகோவில் 54 பேர் கூடித் தொடங்கியது அது.

வெறும் தூண்டில் சங்கமும் அல்ல. ஆறுகள் கெடுவதைக் கண்டு பொறுக்காத மீன்பிடிப்பாளர்கள் அவர்கள். முதல் தலைவர் வில் டில்க் முன்நின்று போராட, 1924-ல் மேல் மிசிசிப்பி ஆற்றோரத்தில் மீனுக்கும் பறவைக்கும் காப்பகம் அமைக்கச் சட்டமே வந்தது. இந்த உழைப்பை மறைப்பதுதான் அந்தச் செய்தி செய்யும் பெரிய தீங்கு.

வால்டன் காலத்து அடையாளம் வேண்டுமென்றால், இங்கிலாந்தின் டவ் ஆற்றங்கரைக்குப் போகலாம். நண்பர் சார்லஸ் காட்டன் 1674-ல் கட்டிய மீன்பிடி மனை அங்கே இன்றும் நிற்கிறது. வாசலுக்கு மேல் இருவர் பெயரின் முதலெழுத்துகளும் பின்னிக்கிடக்கின்றன.