பரீட்சைக்கு மட்டும் திறக்குற ரூம்

போன வாரம் ஒருநாள் காலைல கடையைத் திறந்து, மெஷினுக்கெல்லாம் துணி எடுத்துட்டு ஊதுவத்தி கொளுத்திட்டு உக்காந்தேன், பக்கத்து ஊரு கவர்மெண்ட் ஸ்கூல் ஹெச்எம் டீச்சர் போன். "தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன், பத்து சிஸ்டத்துல நாலு எந்திரிக்கவே மாட்டேங்குது, இன்னைக்கு பாடத்துக்கு கம்ப்யூட்டர்லயே டெஸ்ட்டு, பிள்ளைங்க வரிசைல நிக்குதுங்க"ன்னாங்க. நான் நீடாமங்கலம் பக்கம் இருவத்திரெண்டு வருஷமா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துறவன், கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்ல. ஆனா சின்ன ஊர்ல கீபோர்டு வச்சிருக்குறவன் எல்லாம் இன்ஜினியர்தானே. டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துட்டுப் போனேன்.

ரெண்டுக்கு பிளக் லூஸு. ஒண்ணுல எலி ஒயரைக் கடிச்சிருக்கு, அது அவ்வளவுதான். இன்னொண்ணு என்ன பண்ணியும் வரல, விட்டுட்டேன். ஆக எட்டு சிஸ்டம், எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க 43 பேரு. அஞ்சு பேட்ச் முடிஞ்சும் மூணு பேரு மிச்சம், அதுக்குள்ள சாப்பாட்டு பெல் அடிச்சு, திரும்ப வந்து, நடுவுல ஒருதடவை கரண்ட் போயி... அன்னைக்கு அந்தக் கிளாசுக்கு ஒரு பாடமும் நடக்கல. முடிச்சுட்டு வந்த பயலுக வராண்டாவுல நின்னு உள்ள போறவன் காதுல "மூணாவதுக்கு சி போடுடா"ங்கிறானுங்க. கேள்வி ஆளுக்கு ஆள் மாறி வருதுன்னு அவனுக்குத் தெரியாது, பாவம் நம்பிப் போறவனுக்கும் தெரியாது.

நான் சொல்ல வந்தது இது இல்ல. அந்த மூணாவது பேட்ச்ல ஒரு பொண்ணு. பேரு வேணாம். அம்மா நடவுக்குப் போறவங்க, அப்பா திருப்பூர்ல. மவுசைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே போறா, போறா, மேசை விளிம்பு வந்துருச்சு. என்னையப் பாத்து மெதுவா கேக்குறா, "சார், மேசை முடிஞ்சு போச்சு, அந்த அம்பு இன்னும் அங்க போகல." தூக்கி இந்தப் பக்கம் வச்சுட்டு திரும்ப நகத்தும்மான்னேன். "தூக்கலாமா சார்?"ங்கிறா, என்னமோ தூக்குனா வெடிச்சுரும்கிற மாதிரி.

ஒரு கணக்கு வந்துச்சு, 800 ரூவா பொருளுக்கு 15 சதவீதம் தள்ளுபடின்னா எவ்வளவு குடுக்கணும்னு. உள்ளங்கைல விரலால எழுதிப் பாத்தா, ரஃப் பேப்பர்னு ஒண்ணு யாரும் குடுக்கல, ஆறுநூத்தி எம்பதுன்னு வாய்க்குள்ள சொன்னது எனக்கே கேட்டுச்சு. சரியான விடை. ஆனா அவ கிளிக் பண்ணுனது எழுத்து மேல, பக்கத்துல இருக்குற சின்ன வட்டத்துல இல்ல, அது பதிவாகவே இல்ல, அடுத்த கேள்விக்குப் போயிட்டா. பரீட்சை நடக்கும்போது நான் வாயைத் திறக்கலாமா? தெரியல எனக்கு. மூடிக்கிட்டு நின்னேன், இப்ப வரைக்கும் அது உறுத்திக்கிட்டே இருக்கு.

பக்கத்து சிஸ்டத்துல ஒருத்தன், அப்பா செல்லுல கேம் ஆடிப் பழகுன கை, படிக்கவே இல்ல, டக்கு டக்கு டக்குன்னு நாலே நிமிஷம், முடிச்சுட்டு வெளிய ஓடிட்டான். நாலு விடைல ஒண்ணைக் கண்ணை மூடிக்கிட்டு தொட்டாலும் 20 கேள்விக்கு சராசரியா அஞ்சு தானா வரும், அது அவன் படிப்பு இல்ல, கணக்கு. கடைசில அவனுக்கு 9, அவளுக்கு 7. மேத்ஸ் டீச்சர் ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு நின்னாங்க, "இவ என் கிளாஸ்ல முத மூணு பேர்ல ஒருத்தி சார்"னு சொல்லிட்டு வேற ஒண்ணும் பேசல.

இப்ப என் தொழிலை வச்சே சொல்றேன். எங்கிட்ட லோயர்ங்கிற மொத கட்ட டைப்ரைட்டிங் சேர்றவங்கள்ல டிகிரி முடிச்சவங்க உண்டு. மொத நாள் ஏ எஸ் டி எஃப், தமிழ்னா யளனகபக, அதையே நாள் பூரா அடிக்கணும். லோயர் பரீட்சைக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. அந்த முப்பதுக்கு வர்றதுக்கே மாசக்கணக்கு ஆகும். மொத வாரம் 'அம்மா'ன்னு அடிக்கவே ஒரு நிமிஷம் தேடுவாங்க. அதுக்காக அவங்களுக்கு அம்மான்னு எழுதத் தெரியாதுன்னு நான் மார்க் போட்டா நீங்க என்னைய என்ன சொல்லுவீங்க? கை பழகுறது ஒரு வித்தை, பாடம் தெரியுறது ஒரு வித்தை. ரெண்டையும் ஒரே மார்க்ல போட்டுக் குழப்பி அதுக்கு கற்றல் அடைவு, அதாவது பிள்ளை எவ்வளவு கத்துருக்குன்னு, பேரு வச்சா எப்படி.

நம்ம பக்கத்துக்காரங்களுக்கு இதைச் சொல்லவே வேணாம். நாத்தங்கால்ல பறிச்சு நட்ட நாத்து வேர் புடிச்சு பச்சை திரும்பவே ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதுவரைக்கும் மஞ்சளடிச்சுப் போயிதான் நிக்கும். நட்ட மூணாம் நாள் வரப்புல நின்னு பாத்துட்டு ஏக்கருக்கு எத்தனை மூட்டைன்னு கணக்கு போடுற ஆளை எங்கயாச்சும் பாத்துருக்கீங்களா.

இது நான் மட்டும் சொல்ற கதை இல்ல. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல 2015, 2016ல ஒரே பரீட்சையை சில ஸ்கூல்ல பேப்பர்லயும் சில ஸ்கூல்ல கம்ப்யூட்டர்லயும் வச்சாங்க. கம்ப்யூட்டர்ல எழுதுன பிள்ளைங்களுக்கு மார்க் கம்மியா வந்துச்சு, கணக்கை விட மொழிப் பாடத்துல விழுந்த அடி பெருசு. ரெண்டாவது வருஷம் அதே ஸ்கூல்கள்ல அந்த இடைவெளி நல்லாவே குறைஞ்சுது. பிள்ளைங்க ஒரே வருஷத்துல அறிவாளி ஆயிட்டாங்களா என்ன, மெஷின் பழகிருச்சு, அவ்வளவுதான். அதே 2016ல டென்னசின்னு இன்னொரு மாநிலத்துல ஆன்லைன் பரீட்சை ஆரம்பிச்ச மொத நாளே சிஸ்டம் படுத்துருச்சு, மாநிலம் பூரா திரும்பப் பேப்பருக்கே போனாங்க. அமெரிக்காவுக்கே அந்த கதின்னா, ஐப்பசி கார்த்திகை அடைமழைல நாலு தூத்தல் விழுந்தா லைன் போயிடுற நம்ம ஊருல என்ன ஆகும். 2018 நவம்பர் கஜா புயலை மறந்துட்டோமா, வேதாரண்யம் திருத்துறைப்பூண்டி பக்கமெல்லாம் கரண்ட் வர வாரக்கணக்காச்சு.

அப்ப கம்ப்யூட்டர் டெஸ்டே வேணாங்கிறியான்னு கேட்டா, இல்லைங்க. வேணும். கட்டாயம் வேணும். ஜேஇஇ மெயின் இன்ஜினியரிங் பரீட்சை 2019லேர்ந்து முழுக்க கம்ப்யூட்டர்லதான், 2021லேர்ந்து தமிழ்லயும் எழுதலாம். பேங்க் பரீட்சையும் கம்ப்யூட்டர்லதான். நம்ம பிள்ளை தஞ்சாவூரோ திருச்சியோ போயி சென்டர்ல உக்காரும்போதுதான் மொத மொத மவுசைத் தொடணுமா? அது இன்னும் பெரிய அநியாயம். 2011ல லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சாங்களே, அப்ப பிளஸ் டூ படிச்ச பயலுக எத்தனையோ பேரு யாரும் சொல்லிக் குடுக்காமலே அதுல டைப் பண்ணிப் பழகி எங்கிட்ட வந்தானுங்க, மத்தவங்களை விட பாதி நாள்ல லோயர் முடிச்சானுங்க. வீட்ல வச்சு நோண்டுன கை அது.

ஸ்கூல்ல ஹைடெக் லேப்னு கம்ப்யூட்டர் ரூம் இருக்கு. தமிழ்நாட்டுல 6,000க்கு மேல கவர்மெண்ட் ஹைஸ்கூல், ஹையர் செகண்டரில போட்டுருக்காங்க, நல்ல திட்டம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா நான் போன அந்த ஸ்கூல்ல லேப் பூட்டித்தான் இருக்கு. டெஸ்ட் வந்தா திறக்குறாங்க, மேலேர்ந்து ஏதாச்சும் டேட்டா கேட்டா திறக்குறாங்க, ஆடிட் வந்தா திறக்குறாங்க. ஏன் டீச்சர்னு கேட்டேன். "ஒரு மவுசு ஒடஞ்சா ஸ்டாக் ரெஜிஸ்டர்ல நாந்தான் தம்பி பதில் எழுதணும், எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸு"ன்னாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. பேனா ஒடையும்னு பயந்து பிள்ளைக்குப் பேனாவே குடுக்காம பரீட்சை அன்னைக்கு மட்டும் கைல திணிக்கிற மாதிரி இருக்கு, ஆனா அந்தப் பயம் அவங்க உண்டாக்குனது இல்லையே. ஒடஞ்சா ஒடயட்டும், மாத்தித் தரோம், தெனம் ஒரு பீரியடு திறந்து விடுங்கன்னு ஒரு சர்க்குலர் போட எவ்வளவு செலவாகிடும்.

இன்னொண்ணு. கம்ப்யூட்டர்ல வச்சா ரிசல்ட் உடனே வந்துருதுங்கிறாங்க. சரி, வந்து? 35 சதவீதம்னு ஒரு நம்பர் வருது. அந்த மேத்ஸ் டீச்சர் காட்டுன நோட்டுல, அதே பொண்ணு நோட்டுதான், ஒரு கழித்தல்ல கடன் வாங்குனதைக் குறைக்காம விட்டுருக்கா, சிவப்பு மைல வட்டம் போட்டு பக்கத்துலயே இன்னொருதடவை போட வச்சிருக்காங்க. தப்பு எந்த இடத்துல நடந்துச்சுன்னு பேப்பர் காட்டிக் குடுக்கும். கிளிக் காட்டாது. மேல உள்ளவங்களுக்கு நம்பர் போதும், வகுப்புல நிக்கிறவங்களுக்குத் தப்பு எங்கன்னு தெரியணும். தெனம் காலைல வருகைப்பதிவு ஆப்புல ஏத்துறதுக்கே நெட்டு சுத்துதுன்னு டீச்சருங்க எல்லாரும் பொலம்புறாங்க, அதைப் பத்தி எழுதுனா தனிப் பதிவு ஆயிடும், விடுறேன்.

சிலபேரு வந்து, நீ கடைக்காரன், டைப்ரைட்டிங் பரீட்சையையே கம்ப்யூட்டருக்கு மாத்தப் போறாங்கன்னு பேச்சு ஓடுது, அந்த வயித்தெரிச்சல்ல எழுதுறன்னு சொல்லுவீங்க. கொஞ்சம் உண்மைதான், பழைய ரெமிங்டன் ஒம்போது வச்சிருக்கேன், எடைக்குப் போட மனசு வருமா. ஆனா மூணு கம்ப்யூட்டரும் வச்சிருக்கேன்ல.

அதான் விஷயம். சாயங்காலம் அஞ்சரைக்கு மேல அந்த மூணும் சும்மாதான் கிடக்கு. கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளைங்க ஆறாவதுலேர்ந்து யாரு வேணாலும் வரலாம், காசு வேணாம், ரஃப் நோட்டு ஒண்ணு கொண்டாந்தா போதும். அந்தப் பொண்ணு முந்தாநேத்து அவ சித்தி மகளைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு, மவுசைத் தூக்கித் தூக்கி வச்சு விளையாடிட்டுப் போயிருக்கு. வர்ற சனிக்கிழமை மட்டும் வராதீங்க, மாதாந்திர பராமரிப்புன்னு ஷட்டவுன் அறிவிச்சிருக்காங்க, கரண்ட் எப்ப வரும்னு சொல்ல முடியாது. ரெமிங்டன் ஓடும்.