1942ஐ இவ்வளவு சீக்கிரம் கடந்துவிட முடியாது
1944ல் இத்தாலிக்குப் படை போகும்வரை பிரேசில் மக்களுக்கு இரண்டாம் உலகப் போர் வெறும் வானொலிச் செய்திதான் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வது சரியாகப் படவில்லை. 1942 ஆகஸ்டில், யு-507 என்ற ஒரே ஜெர்மன் நீர்மூழ்கி சில நாட்களுக்குள் பிரேசிலின் செர்ஜிப்பி, பாஹியா மாநிலக் கரையோரம் பயணிகள் கப்பல்களை மூழ்கடித்ததில் சுமார் 600 பேர் இறந்தார்கள். இத்தாலியில் இறந்த பிரேசில் வீரர்களே ஐந்நூறு பேர் அளவில்தான்! மக்கள் கொதித்துத் தெருவில் இறங்கியதும், முதலில் இரண்டு பக்கமும் பேரம் பேசி, அந்த ஜனவரியில்தான் ஜெர்மனி தரப்புடன் உறவை முறித்திருந்த அதிபர் வர்காஸ் ஆகஸ்ட் 22ல் போரை அறிவித்தார். அப்புறம் ரப்பர். ரப்பர் விளையும் மலாயா ஜப்பான் கைக்குப் போனதால் அமெரிக்காவுக்கு அமேசான் காட்டு ரப்பர் மரப் பால் தேவைப்பட்டது. வறட்சியில் காய்ந்த சியாரா மாநிலத்திலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 'ரப்பர் வீரர்கள்' என்று காட்டுக்கு அனுப்பினார்கள். மலேரியாவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் "விரும்பித்தானே போனார்கள்" என்கிறார். ஊரில் மழையில்லை, சோறில்லை, மறுத்தால் போர்முனைக்கு அழைப்பு வரலாம். இதில் விருப்பம் எங்கே? மிஞ்சியவர்களுக்கு ஓய்வூதிய உரிமை கிடைத்தது 1988 அரசியல் சட்டத்தில்தான்.